'கார்பெண்டர்' என்னும் சொல்லின் வரலாறு

தொழிலாற் பெயர் பெறுதல் உலகத்து எல்லா நாட்டினர்க்கும் பொதுவாகிய வழக்காகும். இரும்பிற் பணி செய்வானைக் கொல்லன் என்றும், மரத்திற் பணி செய்வானைத் தச்சன் என்றும், பொன்னிற் பணி செய்வானைத் தட்டான் என்றும் நம் முன்னோர் வழங்கினர். ஆங்கிலரும் அவ்வாறே தம் தொழிலாளர்க்குத் தனித்தனிப் பெயர் வகுத்துக் கொண்டனர். அப்பெயர்களுள் ஒன்றாகிய 'கார்பெண்டர்' என்பது இக்காலத்து நம் தெருக்களிலும், வீடு கட்டும் இடங்களிலும் தமிழ்ச்சொல்லே போலப் பயின்று வருகின்றது. நம் இளைஞர் சிலர் தம்மைத் தச்சர் என்று சொல்லிக்கொள்ள நாணிக் 'கார்பெண்டர்' என்று சொல்லிக்கொள்வதனைப் பெருமையாகக் கருதுகின்றனர். முதியோர் சிலரோ, அயன்மொழிப் பெயர் நமக்கு எற்றுக்கு என்று வெகுள்கின்றனர். நாணுவாரும் வெகுள்வாரும் அச்சொல்லின் பொருள் யாது, அது பிறந்த இடம் யாது என்று ஆராய்ந்தாரல்லர். ஆராயுமிடத்து, அச்சொல் 'தேர் செய்வான்' என்னும் பொருளையுடையது என்பதும், ஆங்கிலர்க்கும் அஃது அயன்மொழிச் சொல்லே என்பதும், போரில் தோற்றுத் தம் மொழியையும் இழந்த ஒரு கூட்டத்தாருடைய பட்டறையினின்றும் அது புறப்பட்டது என்பதும் நன்கு விளங்கும். அவ்வரலாற்றை நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் எடுத்துரைப்பதே யாம் மேற்கொண்ட கருத்தாகும்.

சொல்லாராய்ச்சி செய்யப் புகுவார் முதற்கண் ஒன்றனை உளத்திற் கொள்ளல் வேண்டும். செவிக்கு ஒத்து ஒலிக்கும் இரண்டு சொற்களை எடுத்து, இதனின்றும் இது பிறந்தது என்று கூறிவிடுதல் எளிது. அது மெய்யாதல் அரிது. 'கரு' என்றும் 'பண்டம்' என்றும் பிரித்து, கருமரத்தாற் பண்டஞ் செய்வான் கார்பெண்டர் என்று ஒருவர் பொருள் கூறின், கேட்போர்க்கு அஃது இன்பம் பயப்பினும் ஆராய்ச்சியாகாது. ஒரு சொல் இன்று வழங்கும் வடிவினின்றும் பின்னோக்கிச் சென்று, முந்திய நூற்றாண்டில் எவ்வடிவில், எப்பொருளில், யார் வாயில் வழங்கிற்று என்று எழுத்துச் சான்று கொண்டு படிப்படியாகக் காண்டலே நெறியாகும். அறுத்த மரத்தின் வளையங்களை எண்ணி அதன் அகவையைக் காணும் நம் தச்சர்க்கு இந்நெறி புதிதன்று.

ஆங்கிலத்துக் 'கார்பெண்டர்' என்பது பிரெஞ்சு மொழியினின்றும் வந்தது. இக்காலப் பிரெஞ்சில் அச்சொல் 'ஷார்பாந்தியே' என்று ஒலிக்கின்றது. ஆங்கிலத்தில் முதலெழுத்துக் ககரமாகவும் பிரெஞ்சில் அது ஷகரமாகவும் நிற்றல் என்னை எனின், கூறுதும். பிரான்சின் நடுநாட்டில், இலத்தீன் சொற்களின் முதலில் நின்ற ககரம் அகரத்தின்முன் சகரமாகத் திரிந்து, பின்னர் ஷகரமாயிற்று. வடக்கே நார்மந்தி நாட்டில் அது திரியாது ககரமாகவே நின்றது. 1066ஆம் ஆண்டில் இங்கிலாந்தை வென்று ஆண்டவர் நார்மந்தியினின்றும் போந்தவராதலின், அவர்தம் வாய்ச்சொல்லே ஆங்கிலத்திற் புகுந்தது. கால்நடையைக் குறிக்கும் 'கேட்டில்' என்பதும், அசையும் உடைமையைக் குறிக்கும் 'சேட்டல்' என்பதும் ஆங்கிலத்தில் இருவேறு சொற்களாகத் தோன்றினும், முன்னது நார்மந்தியார் வழியும் பின்னது நடுநாட்டார் வழியும் வந்த ஒரே சொல்லின் இரு வடிவங்களாம். ஒரு சொல்லின் முதலெழுத்து ஒரு படையெடுப்பிற்குச் சான்றாய் நிற்றல் காண்க.

பிரெஞ்சுச் சொல்லோ, பிற்கால இலத்தீனில் வழங்கிய 'கார்பெந்தாரியுஸ்' என்பதனின்றும் பிறந்தது. அதற்குக் 'கார்பெந்தும் செய்வான்' என்பது பொருள். கார்பெந்தும் என்பது இரண்டு உருளைகளையுடைய ஊர்தி. இந்த ஊர்திப் பெயரும் இலத்தீனுக்கு இயற்கையாக உரியதன்று. காலியர் என்னும் மக்கள் பேசிய மொழியினின்றும் உரோமர் கடனாகக் கொண்டது. காலியர் மொழிக்கு இனமொழியாகிய பழைய ஐரிஷ் மொழியில் 'கார்பத்' என்பது போர்த்தேரையும், மற்றோர் இனமொழியாகிய வேல்ஸ் மொழியில் 'கெர்பிட்' என்பது வண்டியையும் குறித்தலே இதற்குச் சான்றாகும். ஆகவே ஆங்கிலத்தினின்றும் பிரெஞ்சு, பிரெஞ்சினின்றும் இலத்தீன், இலத்தீனினின்றும் காலியர் மொழி என்று மூன்று படி இறங்கிச் செல்லின், அடியில் நமக்குப் புலப்படுவது ஒரு தேராகும்.

இனி, அத்தேரைச் செய்த காலியர் யாவர் எனின், இக்காலத்துப் பிரான்சு நாட்டிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் இத்தாலியின் வடபாகத்திலும் பண்டு வாழ்ந்த மக்களாவர். உரோமர் அவரை முரட்டு மாந்தர் என்று இகழ்ந்தனர். ஆயினும் ஊர்தி செய்யும் தொழிலில் அவரையே ஆசிரியராகக் கொண்டனர் என்பதற்கு உரோமர் மொழியே சான்று பகர்கின்றது. கார்பெந்தும் ஒன்றேயன்றி, சுமைவண்டியாகிய 'கர்ருஸ்', நெடுவழிச் செல்லும் 'ரேதா', நான்கு உருளைகளையுடைய 'பெத்தொர்ரிதும்', போர்த்தேராகிய 'எஸ்ஸெதும்' என இலத்தீனில் வழங்கிய ஊர்திப் பெயர்கள் பலவும் காலியர் மொழிச் சொற்களே. இவற்றுள் 'கர்ருஸ்' என்பதன் வழித்தோன்றலே இக்காலத்து நம் ஊர்தோறும் ஓடுகின்ற 'கார்' என்னும் சொல்லாகும். வென்றவர் தோற்றவரிடத்துச் சொல்லைக் கடன்கொள்வது, பொருளைக் கடன்கொண்ட பின்னரேயன்றோ?

காலியரும் அவர் இனத்தாரும் செய்த உருளையின் திறத்தைச் சிறிது கூறுவாம். குடத்தைக் கடைந்து, அதில் ஆரக்கால்களை இறுக்கி, அவற்றின் தலையில் வட்டையைப் பொருத்தியபின், அவ்வட்டையினும் சிறிது குறுகிய இரும்புப் பட்டையைத் தீயிற் காய்ச்சி விரிவித்து, அது செந்நிறமாய் இருக்கும்பொழுதே உருளையின்மேல் ஏற்றி, நீரைப் பெய்து குளிர்விப்பர். குளிர்ந்த இரும்பு சுருங்கி, வட்டையையும் ஆரக்காலையும் குடத்தையும் ஒன்றாகப் பிணித்துக்கொள்ளும். ஆணி மிகுதியும் வேண்டாது, கல்லிலும் மேட்டிலும் ஓடிக் குலையாத உருளை இவ்வாறு ஆயிற்று. நம் நாட்டு மாட்டுவண்டிக்குப் பட்டை ஏற்றுங்கால் கொல்லரும் தச்சரும் உலைக்களத்தில் ஒருங்கு நின்று செய்த வேலை இதுவேயாம். தச்சன் உளியும் கொல்லன் சம்மட்டியும் கூடினாலன்றி உருளை இல்லை என்பதனை நம் ஐந்தொழிலாளர் நன்கு அறிவர்.

காலியரின் மரபினராகிய அர்வேர்னியர்க்குப் பித்துயித்துஸ் என்பான் அரசனாயிருந்தான். கி.மு. 121ஆம் ஆண்டில் அவன் உரோமரோடு பொருது தோற்றான். உரோமர் தம் நகரில் வெற்றிவிழாக் கொண்டாடியபோது, அவ்வரசன் தான் போர் செய்த கோலத்திலேயே, பல வண்ணப் படைக்கலங்களோடு, வெள்ளியாலாகிய கார்பெந்தும் மீது இருத்தப்பெற்று நகர்மக்கள் காணக் கொண்டுவரப்பட்டான் என்று புளோருஸ் என்னும் உரோம வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். அவ்விழாவில் அதனினும் கண்ணைக் கவர்ந்தது பிறிதில்லை என்பது அவர் கூற்று. அரசன் சிறைப்பட்டான்; அவன் ஏறிய தேரோ வென்றவர் கண்ணைச் சிறைப்படுத்தியது.

உரோமில் கார்பெந்தும் போர்த்தேராக நிலையாது, உயர்குடி மகளிர் ஏறும் மூடுவண்டியாயிற்று. லிவி என்னும் வரலாற்றாசிரியர் எழுதிய நூலில், துல்லியா என்பாள் தன் தந்தையாகிய செர்வியுஸ் துல்லியுஸ் மன்னனின் பிணத்தின்மேல் செலுத்திச் சென்றதாகச் சொல்லப்படும் ஊர்தி இக்கார்பெந்தும் ஆகும். கி.பி. 37 முதல் 41 வரை ஆண்ட கலிகுலா என்னும் பேரரசன், இறந்த தன் தாயாகிய அக்ரிப்பினாவின் நினைவாக வெளியிட்ட காசில், கோவேறு கழுதைகள் ஈர்க்கும் கார்பெந்தும் பொறிக்கப்பட்டுள்ளது. சிறைப்பட்ட அரசனது தேரின் பெயர், இங்ஙனம் பேரரசனின் தாய்க்குரிய ஊர்தியின் பெயராயிற்று.

எனினும் அக்காலத்துக் 'கார்பெந்தாரியுஸ்' என்பது மரத்தொழிலாளர் அனைவரையும் குறிக்கும் சொல்லன்று. கட்டடத்திற்கு உத்தரமும் விட்டமும் சமைக்கும் தச்சர்க்கு இலத்தீனில் வேறு பெயர் இருந்தது. அவர் 'பாபெர் திக்னாரியுஸ்' எனப்பட்டனர். 'பாபெர்' என்பது கைவினையாளன். 'திக்னும்' என்பது உத்தரம். உரோமின் துறைமுகப்பட்டினமாகிய ஒஸ்தியாவில் அத்தச்சர்க்கு ஒரு சங்கம் இருந்தது. கி.பி. 198ஆம் ஆண்டில் அச்சங்கத்தார் தம் உறுப்பினர் பெயர்களைக் கல்லிற் பொறித்து வைத்தனர். 300க்கு மேற்பட்ட பெயர்கள் அதிற் காணப்படுகின்றன. தொழிலாளர் ஒருங்குகூடிச் சங்கம் அமைத்துப் பெயர்ப்பட்டி வைத்துக்கொள்ளுதல் நேற்று வந்த வழக்கன்று என்பதற்கு இக்கல்லே சான்று.

தியோக்ளேதியன் என்னும் பேரரசன் கி.பி. 301ஆம் ஆண்டில் பண்டங்களுக்கும் கூலிக்கும் உச்ச அளவு விதித்து ஓர் ஆணை பிறப்பித்தான். அதன்படி, உணவளித்து, வயல்வேலை செய்வானுக்கு ஒருநாட்கூலி 25 தெனாரியுஸ், வீட்டின் உட்பணி செய்யும் தச்சனுக்கு 50, கார்பெந்தாரியுஸுக்கு 50, இரும்புக் கொல்லனுக்கும் 50. வீட்டுத் தச்சனும் வண்டித் தச்சனும் அங்கே இருவேறு வரிகளில் நிற்கின்றனர் என்பதும், கூலியில் கொல்லனோடு மூவரும் ஒப்ப நிற்கின்றனர் என்பதும் நோக்கத்தக்கன.

அதற்குப் பிந்திய நூற்றாண்டுகளில் மேற்கே உரோமரின் ஆட்சி குலைந்தது. காலியாவில் மக்கள் இலத்தீனையே பேசத் தொடங்கினர், கி.பி. 6ஆம் நூற்றாண்டளவில் காலியர் மொழி பேச்சு வழக்கு ஒழிந்தது. ஆனால் அம்மொழியிற் பிறந்த தேர்ப்பெயர் ஒழியவில்லை. அந்நாட்டு இலத்தீன் பிரெஞ்சாக மாறுங்கால், வண்டித் தச்சனைக் குறித்த பெயர் விரிந்து, கூரையும் மாடமும் சமைக்கும் தச்சனையும் தழுவிக்கொண்டது. பழைய 'திக்னாரியுஸ்' என்னும் சொல் மறைந்தது. குடமும் ஆரும் வட்டையும் பிசகாது பொருத்தவல்ல கைக்குக் கூரை பொருத்துதல் அரிதன்று. கடுந்தொழில் வல்லானின் பெயர் ஏனையோர்க்கும் பொதுப்பெயராதல் இயல்பேயாம்.

இனி இங்கிலாந்திற்குச் செல்வாம். நார்மந்தியார் வருமுன் ஆங்கிலர்க்குத் தச்சர் இலர் போலும் என்று எண்ணற்க. அவர்தம் பழமொழியில் 'வுர்ஹ்த்தா' என்பது செய்வான் என்னும் பொருள்பட வழங்கிற்று. 'வேலை' எனப் பொருள்படும் 'வொர்க்' என்னும் சொல்லுக்கு அஃது உறவு. அதுவே எழுத்து நிலைமாறி இக்காலத்து 'ரைட்' என்று ஒலிக்கின்றது. மரத்தொழில் செய்வானை அவர் 'மரஞ்செய்வான்' எனப் பொருள்படும் 'திரேயோ-வுர்ஹ்த்தா' என்ற தொடர்ப்பெயரால் அழைத்தனர்.

கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த ஏல்பிரிக் என்னும் துறவி, மாணாக்கர்க்கு இலத்தீன் கற்பித்தற்பொருட்டு ஓர் உரையாடல் நூல் இயற்றினார். பல தொழிலாளர் அதில் தத்தம் தொழிலின் பயனைக் கூறுகின்றனர். உலகத் தொழில்களுள் உழவே தலையாயது என்று ஒருவர் தீர்ப்புக் கூற, கொல்லன் குறுக்கிட்டு, உழவனுக்குக் கொழு எங்கிருந்து வந்தது என்று வினவுகின்றான். தச்சன் எழுந்து, வீடும் கலமும் ஓடமும் யான் செய்து தருகின்றேனாக, என் தொழிலை வேண்டாதார் உங்களுள் யாவர் என்கின்றான். உடனே கொல்லன், என் தொழில் இன்றி நீ ஒரு துளையேனும் இடவல்லையோ என்று அவனை மடக்குகின்றான். ஈற்றில், பூசலை விடுத்து ஒருவர்க்கொருவர் துணையாய், அவரவர் தொழிலை அவரவர் திருந்தச் செய்க என்று நடுவர் முடிக்கின்றார். இந்நூல் நம் சங்கத்துப் பொதுக்கூட்டங்களுக்கும் ஏற்றதொரு நூலேயாம் என்று யாம் கூறின், அன்பர்கள் முனியார் என்று நம்புகின்றோம்.

அக்காலத்து ஆங்கிலர் கிறித்தவ மறையைத் தம்மொழியிற் பெயர்த்தபோது, இயேசுநாதர் தச்சன் மகன் என்னும் இடத்தில், கைவினையாளன் என்னும் பொதுப்பொருளில் 'சிமித்' என்னும் சொல்லையே இட்டனர். இன்று அது கொல்லனுக்கே உரிய பெயராய்ச் சுருங்கிவிட்டது. 1611ஆம் ஆண்டில் அரசன் ஆணையால் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அதே இடத்திற் 'கார்பெண்டர்' என்பது நிற்கின்றது. தமிழ் மொழிபெயர்ப்பில் தச்சன் என்றே நிற்கின்றது. இவ்விரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகளுக்கும் இடைப்பட்ட சற்றேறக்குறைய 600 ஆண்டுகளில், பழஞ்சொல் விலகிப் புதுச்சொல் அமர்ந்த வரலாறு அடங்கியுள்ளது.

அவ்வரலாற்றின் நடுவிடத்தைக் காண விரும்புவார் 1400ஆம் ஆண்டில் மறைந்த சாசர் என்னும் ஆங்கிலப் புலவரின் 'காண்டர்பரிக் கதைகள்' என்னும் நூலை நோக்குக. அதில் வரும் பண்ணை மேலாளன் ஒருவன் இளமையில் தச்சுத்தொழில் பயின்றவன். அவனைக் கூறும் ஓரடியிலேயே 'ரைட்' என்னும் பழஞ்சொல்லையும் 'கார்பெண்டர்' என்னும் புதுச்சொல்லையும் புலவர் அடுத்தடுத்து வைத்துள்ளார். பிறிதோரிடத்தில், தச்சன் ஒருவன் நெசவாளன், சாயம் தோய்ப்பான் முதலியோரோடு ஒரே சங்கத்துச் சீருடை அணிந்து வருகின்றான். மாவரைப்போன் ஒருவன் ஆக்ஸ்போர்டுத் தச்சன் ஒருவனை எள்ளிக் கதை கூற, யாவரும் நகைக்கின்றனர். தச்சுத்தொழில் பயின்ற அப்பண்ணை மேலாளன் ஒருவனே மனம் வருந்தி, மாவரைப்போரை எள்ளும் கதையொன்று கூறிப் பழிதீர்த்துக்கொள்கின்றான். தன் தொழிலை இகழக் கேட்டுப் பொறாமை மக்கட்கு எங்கும் ஒன்றே.

சாசர் தச்சரை அறியாது எழுதியவரல்லர். 1389 முதல் 1391 வரை அவர் அரசனுடைய கட்டடப் பணிகளுக்குக் கண்காணிப்பாளராய் இருந்தவர். அக்காலத்து அரசனின் தலைமைத் தச்சராய் விளங்கியவர் ஹியூ ஹெர்லாந்து என்பார். 1393ஆம் ஆண்டில் இரண்டாம் ரிச்சர்டு மன்னன் பணித்தபடி, இலண்டனைச் சார்ந்த வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்திற்கு அவர் ஓக்கு மரத்தாற் கூரை சமைத்தார். சற்றேறக்குறைய 240 அடி நீளமும் 68 அடி அகலமும் உடைய அம்மண்டபத்தின் நடுவில் ஒரு தூணும் இல்லை. சுவரினின்றும் படிப்படியாக நீண்ட மரக்கைகளே முழுப்பாரத்தையும் தாங்குகின்றன. மரங்களை வேற்றூரில் அறுத்து, பொருத்திப் பார்த்து, மீண்டும் பிரித்து, வண்டியிலும் படகிலும் ஏற்றிக் கொணர்ந்து அமைத்தனர். அக்கூரை இன்றும் நிற்கின்றது. புதுச்சொல் நிலைபெற்றது ஆள்வோர் நாவினால் மட்டுமன்று. இத்தகைய கைகளினாலும் ஆகும்.

இலண்டன் தச்சர்க்கும் ஒரு சங்கம் உண்டு. 1333ஆம் ஆண்டில் எழுதப்பட்ட அதன் விதிநூலில், நோயுற்ற உறுப்பினர்க்கு உதவுதலும் இறந்தார்க்கு ஈமக்கடனில் உடனிருத்தலும் விதிக்கப்பட்டுள்ளன. 1477ஆம் ஆண்டில் அச்சங்கம் அரசனின் பட்டயம் பெற்றது. ஓர் இளைஞன் தச்சனாதற்குத் தச்சன் மகனாய்ப் பிறந்திருத்தல் வேண்டும் என்னும் நியதி ஆங்கு இல்லை. ஓர் ஆசானிடம் பயிலாளாய் அமர்ந்து, அவன் வீட்டிலேயே உறைந்து பணி கற்றலே வேண்டுவது. 1563ஆம் ஆண்டுச் சட்டம் அப்பயிற்சிக் காலத்தை 7 ஆண்டு என்று நாடு முழுமைக்கும் விதித்தது. 1814ஆம் ஆண்டில் அவ்விதி நீக்கப்பட்டது.

அச்சங்கத்திற்கும் இடர்கள் நேர்ந்தன. பெட்டியும் கதவும் நுண்ணிதின் இணைத்துச் செய்வார் 'ஜாயினர்' என்னும் பெயரோடு தனியே பிரிந்து 1571ஆம் ஆண்டிற் பட்டயம் பெற்றனர். எவ்வேலை எவர்க்குரியது என்னும் வழக்கு நெடுங்காலம் நடந்து, 1632ஆம் ஆண்டில் நகராட்சியார் பசையிட்டு இணைக்கும் வேலை முதலியவற்றை ஜாயினர்க்கு உரிமையாக்கினர். 1666ஆம் ஆண்டில் இலண்டன் பெருந்தீயில் எரிந்தது. மறு ஆண்டுச் சட்டம், இனி வீடுகளைச் செங்கல்லாலும் கல்லாலும் கட்டுக என்றும், வேற்றூர்த் தொழிலாளரும் நகரில் வேலை செய்யலாம் என்றும் விதித்தது. தம்முட் பூசலிட்டு எல்லை வகுத்துக்கொண்டோரைப் புறத்தே எழுந்த தீ ஒருநாளில் எல்லையின்றி ஆக்கிற்று. ஆயினும் அச்சங்கம் அழிந்திலது. 1893ஆம் ஆண்டில் அது கட்டடத் தொழில்களைக் கற்பிக்கும் பயிற்சிப் பள்ளி ஒன்றனைத் தோற்றுவித்தது. பட்டயத்தாற் காக்கவியலாத தொழிலைப் பள்ளியாற் காக்க முற்பட்டமையே அதன் அறிவுடைமை.

'ரைட்' என்னும் பழஞ்சொல் யாதாயிற்று எனின், தனிச்சொல்லாய் நிற்கும் வலியிழந்து, தொடர்ச்சொல்லின் ஈற்றில் அடைக்கலம் புகுந்தது. உருளை செய்வான் 'வீல்ரைட்'. கப்பல் செய்வான் 'ஷிப்ரைட்'. நாடகம் இயற்றுவானும் 'பிளேரைட்'. இதில் ஒரு வியப்பு உளது. தேர் செய்வானின் பெயர் பொதுத் தச்சனுக்குச் சென்றுவிட்டமையால், மெய்யாகவே உருளை செய்வானுக்கு ஆங்கிலத்தில் வேறு பெயர் வேண்டுவதாயிற்று. அவ்வுருளைத் தச்சர் 1670ஆம் ஆண்டில் தமக்கெனத் தனிப்பட்டயமும் பெற்றனர்.

இப்பெயர்கள் யாவும் குடிப்பெயராகவும் நிலைத்தன. ஆங்கிலரிற் கார்பெண்டர், ரைட், சிமித் என்றும், பிரெஞ்சுக்காரரில் ஷார்பாந்தியே என்றும், செருமானியரில் வண்டி செய்வான் எனப் பொருள்படும் வாக்னர் என்றும் குடிப்பெயருடையார் பலர். அவருட் பெரும்பாலோர் உளியைக் கையால் தொட்டும் அறியார். அப்பெயரால் அவர்க்கு இழிவும் இல்லை. 1903ஆம் ஆண்டில் வானூர்தி செலுத்திக் காட்டிய ஆர்வில், வில்பர் என்னும் உடன்பிறந்தார் இருவரும் 'ரைட்' என்னும் குடிப்பெயருடையர் என்பதும், அவர் மிதிவண்டி செய்து விற்ற கைவினையாளர் என்பதும் ஈண்டு நினைக்கத்தகும். பெயர் 'செய்வான்' என்றது. அவரும் செய்தே காட்டினர்.

இனி நம் சொல்லை நோக்குவாம். தச்சன் என்பதனை வடமொழியில் வழங்கும் 'தக்ஷன்' என்னும் தச்சுத்தொழிற் பெயரோடு அறிஞர் இயைபுபடுத்துவர். அவ்வடசொல்லுக்கு உறவாகக் கிரேக்கத்தில் தச்சனைக் குறிப்பது 'தெக்தோன்'. தலைமைத் தச்சனை அவர் 'அர்கிதெக்தோன்' என்றனர். அதுவே ஆங்கிலத்தில் 'ஆர்க்கிடெக்ட்' ஆயிற்று. குளிர்ந்த அறையில் அமர்ந்து வரைபடம் எழுதுவார் தாங்கிய பட்டமும் பொருளளவில் 'தலைமைத் தச்சன்' என்பதேயாம். அவ்வாறாயின், தச்சன் என்னும் பெயர்க்கு நாணுவது எதன்பொருட்டு?

தேர் செய்யும் திறத்தில் நம் முன்னோர் காலியர்க்குப் பிற்பட்டவரல்லர். புறநானூற்றின் 87ஆம் பாட்டில் ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியின் வலிமைக்கு ஓர் உவமை தேடுகின்றார். ஒருநாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒருவன், ஒரு திங்கள் முழுதும் முயன்று செய்த ஒற்றைத் தேர்க்கால் போன்றவன் அவன் என்பது அவர் கண்ட உவமை. அரசனுக்கு உவமையாகத் தச்சனின் பணியைப் புலவர் எடுத்தமை நம் தொழிற்கு எத்துணைப் பெருமை! விரைவும் செம்மையும் ஒரே கையில் அமைந்தமையைப் பாராட்டுதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? கார்பெண்டர் என்பதும் தேர்த்தச்சனே. தச்சன் என்பதும் தேர்த்தச்சனே. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது எனல் பொருளறியாதார் கூற்றாகும். நாணுவார் நாணற்க, வெகுள்வார் வெகுளற்க. ஆனால் இருவரும் சேர்ந்து அஞ்சத்தக்கது வேறொன்று உளது. காலியரின் ஆட்சி அழிந்தது, மொழியும் அழிந்தது, எனினும் அவர் தொழிலைப் பிறர் வேண்டி நின்றமையால் அவர்தம் பட்டறைச் சொல் வாழ்கின்றது. நம் நிலையோ இதற்கு மாறாயுளது. நம் மொழி வாழ்கின்றது. நம் பட்டறைச் சொற்களோ மாய்ந்து வருகின்றன. மரவுருளை பூண்ட வண்டிகள் அருகிக் காற்றடைத்த உருளைகள் வந்தமையால், குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி என்னும் சொற்களுக்குப் பொருள் கூறவல்ல சிறுவர் நம் இல்லங்களிலும் அரியராயினர். வாய்ச்சி, இழைப்புளி, கொட்டாப்புளி என்னும் கருவிப் பெயர்களும் அவ்வழியே செல்கின்றன.

ஆதலின் நம் சங்கத்தார் செய்யத்தக்கன இரண்டு என்று யாம் கருதுகின்றோம். உயர்கல்வி பயிலும் நம் இளைஞர் அதனைக் குறைவறப் பயில்க. அவருள் விரும்புவார்க்கும், வேறு எக்குடியிற் பிறந்தாராயினும் விரும்பி வருவார்க்கும், ஆண்பெண் என்னும் வேறுபாடின்றி, நம் ஆசான்மார் தொழிலை ஒளியாது கற்பிக்க. இஃது ஒன்று. ஒவ்வோர் இல்லத்திலும் முதியோர் அருகில் ஒரு பேரனோ பேர்த்தியோ அமர்ந்து, அவர் வழங்கும் கருவிப் பெயர், மரப் பெயர், பொருத்துப் பெயர், அளவுப் பெயர் அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க. இஃது மற்றொன்று. அவ்வேடுகள் நம் சங்கத்தில் ஒருங்கு தொகுக்கப்படின், அஃது ஒஸ்தியாத் தச்சர் கல்லிற் பொறித்த பெயர்ப்பட்டியினும் நெடுநாள் பயன்படும். பெயரைப் போற்றுவார் தொழிலைப் போற்றுக. தொழிலைப் போற்றுவார் அதன் சொற்களையும் போற்றுக. நம் கைவினை ஓங்குக!